வயிற்றில் கரையும் புளி: ஐபிஎஸ் என்று சொல்லப்பட்டவர்களுக்கு முதல் நான்கு மாத வழிகாட்டி

பயம் வந்தால் வயிற்றில் புளியைக் கரைக்கிறது என்கிறோம். கவலை தீர்ந்தால் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருக்கிறது என்கிறோம். மனம் கலங்கினால் வயிறும் கலங்கும் என்பது நம் பேச்சில் எப்போதோ பதிந்துவிட்டது. ஆனால் அதே உறவு ஒரு நோயாக வந்து நிற்கும்போது மட்டும் வீட்டில் யாரும் நம்புவதில்லை. "ஸ்கேன்ல ஒண்ணும் இல்லையாமே, அப்புறம் என்ன வலி?" என்று கேட்கிறார்கள்.

வலி உண்மை. ஸ்கேனில் ஒன்றும் தெரியாததும் உண்மை. இரண்டும் ஏன் ஒருசேர உண்மையாக முடியும் என்பது புரிந்துவிட்டால், செய்ய வேண்டியவற்றில் பாதி தானாகவே தெளிவாகும். மருத்துவர் ஐபிஎஸ் (இரிட்டபிள் பவல் சிண்ட்ரோம், எரிச்சல் குடல் நோய்) என்று சொல்லி ஒரு மருந்துச் சீட்டோடு அனுப்பிய பிறகு, அடுத்த மூன்று நான்கு மாதங்களில் எதை, எந்த வரிசையில் செய்வது என்பதுதான் இந்தக் கட்டுரை. வரிசை முக்கியம். எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் தொடங்கினால் எது உதவியது என்று கடைசிவரை தெரியாது.

முதலில், இது ஐபிஎஸ்தானா?

குடல் கோளாறுகளை அடையாளம் காண வல்லுநர்கள் வகுத்து, 2016இல் வெளியான ரோம் அளவுகோலின் நான்காம் பதிப்பைத்தான் இன்று மருத்துவர்கள் பெரும்பாலும் பின்பற்றுகிறார்கள். அதன்படி, கடந்த 3 மாதங்களில் சராசரியாக வாரத்துக்கு ஒரு நாளாவது வயிற்று வலி இருக்க வேண்டும். அந்த வலியோடு இந்த மூன்றில் இரண்டாவது சேர்ந்திருக்க வேண்டும்: மலம் கழிப்பதோடு வலி தொடர்புடையதாக இருப்பது, போகும் தடவைகள் மாறுவது, மலத்தின் தன்மை மாறுவது. தொல்லை தொடங்கி 6 மாதமாவது ஆகியிருக்க வேண்டும். ஆக, நேற்று கல்யாண வீட்டில் சாப்பிட்டு இன்று பேதியானால் அது ஐபிஎஸ் ஆகாது.

கீழே உள்ளவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலும் இந்தக் கட்டுரையை மூடிவைத்துவிட்டு மருத்துவரைப் பாருங்கள்: மலத்தில் ரத்தம், முயற்சி செய்யாமலே எடை குறைவது, ரத்தசோகை, காய்ச்சல், தூக்கத்திலிருந்து எழுப்பிவிடும் பேதி, 45 வயதைத் தாண்டிய பிறகு புதிதாகத் தொடங்கிய மாற்றம், குடும்பத்தில் பெருங்குடல் புற்றுநோய் அல்லது குடல் அழற்சி நோய். 50 வயதைக் கடந்த பெண்களுக்குப் புதிதாக வயிறு உப்பி, அது குறையாமலே இருந்தால், சினைப்பையையும் பார்க்கச் சொல்ல வேண்டும். நம் ஊரில் இன்னொன்றும் உண்டு: குடல் காசநோய். மாலைக் காய்ச்சலும் எடைக் குறைவும் வயிற்று வலியும் சேர்ந்து வந்தால் அதை மறக்கக் கூடாது.

இந்த அறிகுறிகள் இல்லாதவருக்குப் பெரிய பரிசோதனைப் பட்டியல் தேவையில்லை. முழு ரத்த எண்ணிக்கை, அழற்சியைக் காட்டும் சிஆர்பி, தைராய்டு, மலப் பரிசோதனை, கோதுமையிலுள்ள குளூட்டன் புரதத்தால் உடலின் எதிர்ப்புச் சக்தி குடலையே தாக்கும் சீலியாக் நோய்க்கான ரத்தப் பரிசோதனை ஆகியவை பெரும்பாலும் போதும். பேதி அதிகமாக இருந்தால் மலத்தில் கால்புரோடெக்டின் அளவையும் பார்ப்பார்கள். குடலில் அழற்சி இருந்தால் அது உயரும், ஐபிஎஸ்ஸில் பொதுவாக உயராது. சீலியாக் பரிசோதனைக்கு முன் கோதுமையை நிறுத்தாதீர்கள். நிறுத்திவிட்டுப் பார்த்தால் நோய் இருந்தாலும் இல்லை என்றே முடிவு வரலாம்.

ஒரு எச்சரிக்கை. ஒவ்வொரு முறை வயிறு கலங்கும்போதும் "அமீபா" என்று மெட்ரோனிடசோல் வாங்கிப் போடும் பழக்கம் பரவலாக இருக்கிறது. மலப் பரிசோதனையில் உறுதியாகாமல் அந்த மாத்திரையைத் திரும்பத் திரும்பப் போடுவதால், குடலில் வாழும் நல்ல பாக்டீரியாக்களும் சேர்ந்து அழிகின்றன. அதேபோல, "கேஸ் மாத்திரை" என்று காலையில் வெறும் வயிற்றில் போடும் பான்டோபிரசோல் இரைப்பையின் அமிலத்தைக் குறைக்கும். பெருங்குடலில் உருவாகும் வாயுவுக்கு அது ஒன்றும் செய்யாது.

உள்ளே நடப்பது

உணவுக்குழாயிலிருந்து ஆசனவாய் வரை குடலின் சுவருக்குள் ஒரு தனி நரம்பு வலை ஓடுகிறது. அதில் 10 கோடிக்கும் மேற்பட்ட நரம்பணுக்கள் இருக்கின்றன. மூளையிடம் கேட்காமலே குடலைச் சுருக்கவும் விரிக்கவும் அந்த வலையால் முடியும். மூளையையும் குடலையும் இணைக்கும் பெரிய கம்பி வேகஸ் நரம்பு. அதிலுள்ள இழைகளில் ஏறத்தாழ 80 சதவீதம் கீழிருந்து மேலே, குடலிலிருந்து மூளைக்குச் செய்தி கொண்டுபோகின்றன. மூளை குடலுக்கு உத்தரவு போடுவதைவிட, குடல் மூளைக்குச் சொல்வதே அதிகம். உடலின் செரடோனினில் 90 சதவீதத்துக்கு மேல் குடலில்தான் இருக்கிறது. அது மனநிலைக்காக மேலே போவதில்லை. அங்கேயே இருந்து குடலின் அசைவையும் உணர்வையும் நடத்துகிறது.

ஐபிஎஸ்ஸில் இந்தப் போக்குவரத்தின் ஒலி அளவு கூடிவிடுகிறது. 1973இல் வெளியான ஓர் ஆய்வில், பெருங்குடலின் கீழ்ப்பகுதியில் சிறு பலூனை வைத்து 60 மில்லி அளவுக்கு ஊதிப் பார்த்தார்கள். ஐபிஎஸ் உள்ளவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு வலித்தது. மற்றவர்களில் வலித்தவர்கள் நூற்றுக்கு ஆறு பேர்தான். அதே பலூன், அதே காற்று. குடலில் புண் இல்லை, கட்டி இல்லை. உணரும் நரம்பு கூர்மையாகிவிட்டது. ஸ்கேன் உருவத்தைத்தான் காட்டும், நரம்பின் கூர்மையைக் காட்டாது. வீட்டில் கேட்கிறவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

இனி அந்தப் புளி. மன அழுத்தம் வரும்போது மூளை வெளியிடும் ஒரு ஹார்மோன், இரைப்பையின் வேலையை மெதுவாக்கி, பெருங்குடலின் வேலையை வேகமாக்குகிறது. அதனால்தான் பரீட்சை அன்று காலையில் இட்லி தொண்டையில் இறங்குவதில்லை, ஆனால் மூன்று தடவை கழிவறைக்கு ஓட வேண்டியிருக்கிறது. எல்லோருக்கும் இது நடக்கும். ஐபிஎஸ் உள்ளவருக்குச் சின்ன அழுத்தத்துக்கே நடக்கும், நீண்ட நேரம் நீடிக்கும்.

பாதை எதிர்த் திசையிலும் வேலை செய்கிறது. கடுமையான வயிற்றுத் தொற்று வந்தவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு, கிருமி போன பிறகும் ஐபிஎஸ் தங்கிவிடுகிறது. கனடாவின் வாக்கர்டன் என்ற சிற்றூரில் 2000ஆம் ஆண்டு மே மாதம் குடிநீரில் கிருமி கலந்து இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் நோயுற்றார்கள், ஏழு பேர் இறந்தார்கள். அந்த ஊர் மக்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து பார்த்தபோது, எட்டு ஆண்டுகள் கழித்தும் சிலருக்கு ஐபிஎஸ் நீடித்தது. "எனக்கு டைபாய்டு வந்ததிலிருந்துதான் இப்படி" என்று சொல்பவரை அலட்சியப்படுத்த வேண்டாம்.

முதல் இரண்டு வாரம்: உணவுக்கு நோட்டு மட்டும்

இந்த 14 நாளில் உணவில் எதையும் மாற்றாதீர்கள். ஒரு பழைய நோட்டில் தினமும் இவற்றை எழுதுங்கள்: சாப்பிட்ட நேரம், சாப்பிட்டது, ஏறத்தாழ அளவு, வலி வந்த நேரமும் 0 முதல் 10 வரை அதன் மதிப்பெண்ணும், மலத்தின் வகை எண், அன்றைய பதற்றத்துக்கு 0 முதல் 10, எத்தனை மணி நேரத் தூக்கம், பெண்களுக்கு மாதவிடாய் நாட்கள். மாதவிடாய்க்கு முன்னும் தொடங்கும்போதும் வலி கூடுவது சகஜம். அதைக் குறிக்காவிட்டால் அந்த வாரம் சாப்பிட்ட ஏதோ ஒரு காய்கறி மேல் பழி விழும்.

மலத்தின் வகைக்கு 1 முதல் 7 வரையிலான பிரிஸ்டல் அளவுகோலைப் பயன்படுத்துங்கள். 1 என்றால் ஆட்டுப் புழுக்கை போலத் தனித்தனி உருண்டைகள். 2, கட்டி கட்டியாகச் சேர்ந்த உருளை. 3, மேலே வெடிப்புள்ள உருளை. 4, வழுவழுப்பாக ஒரே நீளம். 5, ஓரம் தெளிவாக உள்ள மென்மையான துண்டுகள். 6, கூழ். 7, தண்ணீர். 1, 2 வகைகள் மொத்தத்தில் கால்வாசிக்கு மேல் இருந்து, 6, 7 கால்வாசிக்கும் குறைவாக இருந்தால் உங்களுடையது மலச்சிக்கல் வகை. நேர்மாறாக இருந்தால் பேதி வகை. இரண்டும் கால்வாசிக்கு மேல் என்றால் கலப்பு வகை. மலமிளக்கியோ பேதியை நிறுத்தும் மாத்திரையோ போட்ட நாட்களைக் கணக்கில் சேர்க்காதீர்கள். பின்னால் எந்த மருந்து என்பது இந்த வகையைப் பொறுத்தே முடிவாகும்.

நோட்டைப் படிக்கும்போது ஒரு தவறு எல்லோரும் செய்வார்கள்: கடைசியாகச் சாப்பிட்டதைக் குற்றவாளியாக்குவது. காலையில் தோசை சாப்பிட்ட 20 நிமிடத்தில் வயிறு முறுக்கி ஓட வேண்டியிருந்தால், வெளியே வந்தது அந்தத் தோசை இல்லை. அது நேற்றோ அதற்கு முன்தினமோ சாப்பிட்டது. இரைப்பை நிறைந்ததும் பெருங்குடல் சுருங்கி இடம் விடுவது இயற்கையான அனிச்சைச் செயல், காலையில் அது இன்னும் வலுவாக இருக்கும். ஐபிஎஸ்ஸில் அது மிகைப்படுகிறது. ஆகவே ஒரு மணி நேரத்துக்குள் வரும் வலிக்கு உணவின் அளவையும் எண்ணெயையும் வேகத்தையும் பாருங்கள். சில மணி நேரம் கழித்து வரும் உப்பலுக்கும் வாயுவுக்கும் உணவின் வகையைப் பாருங்கள். இந்த ஒரு வேறுபாடு தெரியாமல் தோசை, இட்லி, சோறு என்று ஒவ்வொன்றாக ஒதுக்கி, கடைசியில் கஞ்சியில் வந்து நிற்பவர்கள் பலர்.

மூன்றாவது வாரம் முதல்: நேரம், அளவு, நார், பால்

மூன்று வேளையும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் சாப்பிடுங்கள். காலை உணவைத் தவிர்த்துவிட்டு மதியம் இரட்டிப்பாகச் சாப்பிடுவது அந்த அனிச்சைச் செயலைத் தூண்டிவிடுவதற்குச் சமம். ஒரு வேளைக்கு 20 நிமிடமாவது எடுத்துக்கொள்ளுங்கள். காபி, டீ இரண்டும் சேர்த்து நாளுக்கு 3 கப்புக்கு மேல் வேண்டாம். வாயு என்று சோடா குடிப்பவர்கள் வயிற்றுக்குள் இன்னும் வாயுவைத்தான் அனுப்புகிறார்கள். இரவு பத்து மணிக்குப் பரோட்டாவும் சால்னாவும் சாப்பிட்டால் மைதா, எண்ணெய், வெங்காயம், மிளகாய் நான்கும் ஒரே நேரத்தில் போய்ச் சேரும். அதை முதலில் நிறுத்துங்கள். மிளகாயின் காரப்பொருள் குடலில் வலியையும் சூட்டையும் உணரும் அதே ஏற்பிகளில் போய் ஒட்டுகிறது. நரம்பு கூர்மையாக இருப்பவருக்கு அது வலியாகவே தெரியும். காரத்துக்கு மிளகு, இஞ்சி பக்கம் சாய்ந்து பாருங்கள்.

பழம் நல்லதுதான், ஆனால் ஒரு நேரத்தில் ஒரு கைப்பிடி, நாளுக்கு மூன்று தடவை போதும். கோதுமைத் தவிடு பலருக்கு உப்பலைக் கூட்டும். கரையும் நார்தான் இங்கே உதவும். அதில் நமக்கு எளிதாகக் கிடைப்பது இசப்கோல் உமி.

முதல் வாரம் இரவில் 1 தேக்கரண்டி உமியை 250 மில்லி தண்ணீரில் கலந்து, கெட்டியாவதற்குள் குடித்துவிட்டு, மேலே இன்னொரு அரை டம்ளர் தண்ணீர் குடியுங்கள். இரண்டாம் வாரம் 2 தேக்கரண்டி. பிறகு மெல்ல ஏற்றி, நாளுக்கு மொத்தம் 10 கிராம் வரை போகலாம், இரண்டு வேளையாகப் பிரித்து. முதல் நாளே மூன்று கரண்டி போடுபவர்கள் வயிறு உப்பி, "இது எனக்கு ஒத்துக்காது" என்று விட்டுவிடுகிறார்கள். உலர்ந்த உமியை வாயில் போட்டுத் தண்ணீர் குடிக்கக் கூடாது, தொண்டையில் அடைக்கும். மற்ற மாத்திரைகளுக்கும் இதற்கும் 2 மணி நேர இடைவெளி விடுங்கள். பேதி வகைக்கும் இது உதவும், நீரை உறிஞ்சி மலத்துக்கு உருவம் கொடுக்கிறது.

பாலைத் தனியாகச் சோதிக்க வேண்டும். பாலிலுள்ள லாக்டோஸைச் செரிக்க முடியாதவர்கள் தென்னிந்தியாவில் வட இந்தியாவைவிட அதிகம். இரண்டு வாரம் பால், பால் காபி, பால்கோவா, ஐஸ்கிரீம் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். பிறகு ஒரு விடுமுறை நாள் காலையில் வெறும் வயிற்றில் 250 மில்லி பால் குடித்து, ஆறு மணி நேரம் கவனியுங்கள். கடமுடா, உப்பல், பேதி வந்தால் விடை கிடைத்துவிட்டது. காய்ச்சுவதால் லாக்டோஸ் போகாது. உறை ஊற்றும்போது அதில் ஒரு பகுதி போய்விடும். அதனால் பால் ஆகாதவர்களில் பலர் தயிரையும் மோரையும் தாங்குகிறார்கள். நெய்யில் லாக்டோஸ் அனேகமாக இல்லை.

கழிவறையில் உட்காரும் விதமும் இந்தக் கட்டத்திலேயே சரியாகட்டும். குந்தி உட்காரும்போது மலக்குடலின் வளைவு நேராகிறது. மேல்நாட்டுக் கழிவறை என்றால் காலடியில் 15 முதல் 20 சென்டிமீட்டர் உயர முக்காலி வைத்து, முழங்காலை இடுப்புக்கு மேலே கொண்டுவாருங்கள். பத்து நிமிடத்துக்கு மேல் உட்கார வேண்டாம். கைபேசியை வெளியே வைத்துவிட்டுப் போங்கள்.

இவ்வளவிலேயே கணிசமானவர்களுக்குப் பாதித் தொல்லை குறைந்துவிடும். குறைந்தால் அடுத்த கட்டத்துக்குப் போக வேண்டியதில்லை.

குறையாவிட்டால்: வெங்காயமும் பூண்டும் இல்லாத நான்கு வாரம்

சிறுகுடலில் சரியாக உறிஞ்சப்படாமல் பெருங்குடலுக்குப் போய் நுரைக்கும் சில சர்க்கரைப் பொருட்கள் இருக்கின்றன. அவை தண்ணீரை இழுக்கும், பாக்டீரியா அவற்றைத் தின்று வாயுவை வெளியிடும், குடல் விரியும். கூர்மையான நரம்புக்கு அந்த விரிவுதான் வலி. பலூன் ஆய்வை நினைத்துக்கொள்ளுங்கள். ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் உள்ள மோனாஷ் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் இவற்றை ஃபாட்மேப் என்று பெயரிட்டுத் தொகுத்து, உணவு முறையாக வகுத்தார்கள்.

நம் சமையலில் இந்தப் பொருட்கள் வருவது பெரும்பாலும் இப்படி: சின்ன வெங்காயம், பெரிய வெங்காயம், பூண்டு, கோதுமை, மைதா, கொண்டைக்கடலை, ராஜ்மா, மொச்சை, காராமணி, பால், மாம்பழம், தர்பூசணி, ஆப்பிள், தேன், பேரீச்சை, காலிஃபிளவர், காளான், சர்க்கரை இல்லாத மிட்டாய்களில் உள்ள சார்பிட்டால்.

நல்ல செய்தி என்னவென்றால், அரிசியில் இவை இல்லை. விரத நாள் சமையல் நமக்குத் தெரிந்ததுதான். புளியோதரை, எலுமிச்சை சாதம், தேங்காய் சாதம் எல்லாம் வெங்காயம், பூண்டு இல்லாமலே ருசியாக வரும். தாளிப்பில் கடலைப் பருப்பை மட்டும் குறையுங்கள். காய்களில் கேரட், பீன்ஸ், கத்தரி, வெண்டை, உருளை, வெள்ளரி, கீரை. பழங்களில் ஆரஞ்சு, பப்பாளி, அன்னாசி ஆகியவை பொதுவாகத் தாங்கும். வாழைப்பழம் கெட்டியாக இருக்கும்போது பரவாயில்லை, கனிந்து தோலில் புள்ளி விழுந்தால் கூடாது. மீன், முட்டை, கோழியில் பிரச்சினை இல்லை, மசாலாவில்தான் இருக்கிறது. கடையில் வாங்கும் மசாலாப் பொடிகளில் பூண்டு, வெங்காயப் பொடி இருக்கும். உறையைப் படியுங்கள்.

பூண்டு வாசம் இல்லாமல் முடியாது என்பவர்களுக்கு ஒரு வழி. பூண்டிலுள்ள தொல்லைப் பொருள் தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது. நல்லெண்ணெயில் நான்கு முழுப் பூண்டுப் பற்களை மிதமான தீயில் பொன்னிறமாக வதக்கி, பற்களை எடுத்து எறிந்துவிட்டு அந்த எண்ணெயில் தாளியுங்கள். மணம் இருக்கும், தொல்லை இருக்காது. ரசத்தில் பூண்டைத் தட்டிப் போட்டுக் கொதிக்க வைத்துப் பிறகு எடுத்துவிடுவதால் பயனில்லை, அது தண்ணீரில் ஏற்கெனவே இறங்கிவிட்டிருக்கும். பூண்டு எண்ணெயை அன்றன்றைக்கே தீர்த்துவிடுங்கள். வெளியே வைத்துச் சேமித்தால் நஞ்சாகும் அபாயம் உண்டு. வெங்காயத்துக்குப் பதில் வெங்காயத் தாளின் பச்சைப் பகுதி. பெருங்காயம் தாராளமாகச் சேர்க்கலாம், ஆனால் கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவு கலந்திருக்கும் என்பதால் சீலியாக் நோய் உள்ளவர்கள் மட்டும் கவனிக்க வேண்டும்.

சாம்பாரை முழுக்க விட வேண்டியதில்லை. பருப்பை ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் வேகவைத்து, ஒரு வேளைக்கு வெந்த பருப்பு கால் கப் என்று நிறுத்திக்கொள்ளுங்கள்.

நான்கு வாரத்தில் பலன் தெரியவில்லையென்றால் இது உங்கள் வழி இல்லை. நிறுத்திவிட்டுப் பழைய உணவுக்கே திரும்புங்கள். பலன் தெரிந்தால், திரும்பச் சேர்க்கும் வேலையைத் தொடங்க வேண்டும். இதைத்தான் பெரும்பாலோர் செய்வதில்லை. வயிறு நன்றாக இருக்கிறதே என்று வருடக்கணக்கில் அதே கட்டுப்பாட்டில் இருந்துவிடுகிறார்கள். நல்ல பாக்டீரியாவுக்கு உணவாவதும் இதே சர்க்கரைப் பொருட்கள்தான். நீண்ட காலம் விட்டால் அவை குறையும், சத்துக் குறைவும் வரும்.

ஒரு நேரத்தில் ஒரு பொருள். மூன்று நாள் அளவை ஏற்றிக்கொண்டே போய்ச் சோதித்து, மூன்று நாள் ஓய்வு விட்டு, அடுத்த பொருள். மற்ற உணவெல்லாம் கட்டுப்பாட்டிலேயே இருக்கட்டும். பூண்டு என்றால் முதல் நாள் கால் பல், அடுத்து அரை, அடுத்து ஒன்று. கோதுமைக்கு ஒரு சப்பாத்தி, இரண்டு, மூன்று. வெங்காயத்துக்கு ஒரு மேசைக்கரண்டி, இரண்டு, நான்கு. கொண்டைக்கடலை வேகவைத்தது 2 மேசைக்கரண்டி, 4, அரை கப். மாம்பழம் இரண்டு துண்டு, கால் பழம், அரைப் பழம். தொல்லை வந்தால் அந்த இடத்தில் நிறுத்தி, உங்கள் எல்லை எவ்வளவு என்று எழுதிவைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலோருக்கு ஒன்றிரண்டு பொருள்தான் உண்மையான எதிரி, அதுவும் ஓர் அளவுக்கு மேல் போனால்தான்.

ஏற்கெனவே எடை குறைந்தவர்கள், கர்ப்பிணிகள், குழந்தைகள், சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவர்கள், உணவைக் கண்டாலே அஞ்சும் நிலையில் இருப்பவர்கள் இந்தக் கட்டத்தை உணவியல் வல்லுநர் துணையில்லாமல் தொடங்கக் கூடாது.

முதல் நாளிலிருந்தே: மேலிருந்து கீழே வரும் பாதை

உணவு வேலைகளோடு சேர்த்தே இதைச் செய்ய வேண்டும். எல்லாம் தோற்ற பிறகு கடைசியாக முயல்வது என்று தள்ளிவைக்காதீர்கள்.

மூச்சு. மல்லாந்து படுத்து ஒரு கையை மார்பிலும் ஒரு கையை வயிற்றிலும் வையுங்கள். மூக்கு வழியே 4 எண்ணும் வரை உள்ளே, 6 எண்ணும் வரை வெளியே. வயிற்றிலுள்ள கை உயர வேண்டும், மார்பிலுள்ள கை அசையக் கூடாது. நிமிடத்துக்கு ஆறு மூச்சு, பத்து நிமிடம், காலையும் இரவும். நீண்ட வெளிமூச்சில் வேகஸ் நரம்பின் அமைதிப்படுத்தும் வேலை கூடுகிறது. தலை சுற்றினால் அளவுக்கு மீறி இழுக்கிறீர்கள் என்று பொருள், மூச்சைச் சிறிதாக்குங்கள். வலி வந்த பிறகு முதல்முறையாகச் செய்து பார்த்தால் பலிக்காது. வலி இல்லாத நாட்களில் இரண்டு வாரம் பழகியிருந்தால்தான் வலி வரும்போது கைகொடுக்கும்.

நடை. வாரத்தில் 3 முதல் 5 நாள், 20 முதல் 60 நிமிடம், மூச்சு லேசாக வாங்கும் வேகத்தில். வாயு நகரும், தூக்கம் சீராகும். தூக்கம் கெட்ட மறுநாள் வலி மதிப்பெண் ஏறியிருப்பதை நோட்டே காட்டும்.

அடுத்தது கழிவறை பயம். இதைத்தான் ஐபிஎஸ்ஸின் மிகக் கொடிய பகுதி என்று சொல்ல வேண்டும், யாரும் வெளியே சொல்லாததும் இதுதான். பேருந்தில் ஏறுவதற்கு முன் மூன்று தடவை போவது, பயணம் என்றால் முந்தின இரவிலிருந்தே பட்டினி, கல்யாணங்களுக்குப் போகாமல் இருப்பது. ஒவ்வொரு தவிர்ப்பும் அந்த நாளைக் காப்பாற்றுகிறது, ஆனால் மூளைக்கு "அது ஆபத்தான இடம்தான்" என்று உறுதிப்படுத்திவிடுகிறது. அடுத்த முறை அலாரம் இன்னும் சீக்கிரம் அடிக்கும். இதைப் படிப்படியாகத்தான் அவிழ்க்க முடியும். முதல் வாரம், வழக்கமான காலை உணவு சாப்பிட்டுவிட்டு, இரண்டு நிறுத்தம் மட்டும் பேருந்தில் போய் வாருங்கள். பதற்றம் ஏறும், மூச்சைத் தொடருங்கள், பெரும்பாலும் சில நிமிடங்களில் இறங்கும். அதே தூரத்தைப் பதற்றம் பாதியாகும் வரை திரும்பச் செய்துவிட்டு, பிறகு நான்கு நிறுத்தம். பையில் மாற்றுத் துணியும் ஒரு தண்ணீர்ப் பாட்டிலும் வைத்துக்கொள்வதில் தவறில்லை. மெல்ல மெல்ல அதையும் மறந்துவிடுவீர்கள்.

தனியாக முடியாவிட்டால், அறிவாற்றல் நடத்தை சிகிச்சை தரும் உளவியல் வல்லுநரிடம் இதே வேலையை முறையாகச் செய்யலாம். குடலை நோக்கிய ஹிப்னாடிச சிகிச்சையும் உண்டு. இங்கிலாந்தின் மான்செஸ்டரில் மருத்துவர் பீட்டர் வோர்வெல் 1984இல் வெளியிட்ட ஆய்வில் கடுமையான ஐபிஎஸ் உள்ள 30 பேரில், அந்தச் சிகிச்சை பெற்ற 15 பேருக்கு அது நன்றாக உதவியது. இன்று அது ஏற்கப்பட்ட சிகிச்சை. உளவியல் வல்லுநரிடம் அனுப்புவது "எல்லாம் உன் கற்பனை" என்று சொல்வதாகாது. கம்பிக்கு இரண்டு முனை, ஒரு முனையை உணவால் தொடுகிறோம், மறுமுனையை இப்படித் தொடுகிறோம்.

மருந்துகள், சுருக்கமாக

வலிக்கும் முறுக்குக்கும் மெபெவெரின் போன்ற தசைப்பிடிப்புத் தளர்த்திகளை உணவுக்கு 20 நிமிடம் முன்னால் எடுக்க வேண்டும். சாப்பிட்டு முறுக்கு வந்த பிறகு போடுவதால்தான் பலருக்கு அது வேலை செய்வதில்லை. குடலில் போய்க் கரையும்படி பூச்சிட்ட புதினா எண்ணெய்க் காப்ஸ்யூலைக் கடிக்காமல் விழுங்க வேண்டும், கடித்தால் நெஞ்செரிச்சல் வரும். பேதி வகைக்கு லோபராமைடு 2 மில்லிகிராம், ஆனால் காய்ச்சலோ ரத்தமோ இருந்தால் தொடக் கூடாது, வலியை அது குறைக்காது. மலச்சிக்கலுக்கு நிலாவாரை சேர்ந்த சூரணங்களைத் தினமும் எடுப்பவர்களுக்கு முறுக்கு வலி கூடுவது உண்டு. நீரை இழுத்து இளக்கும் பாலிஎத்திலீன் கிளைக்கால் வகை மென்மையானது. ஓமத் தண்ணீர், சுக்கு, மோரில் பெருங்காயம் உதவினால் தொடருங்கள்.

இவை போதாதபோது மருத்துவர் அமிட்ரிப்டிலின் 10 மில்லிகிராம் இரவில் எழுதலாம். கூகுளில் தேடி "மனச்சோர்வு மாத்திரை" என்று படித்துவிட்டுப் பலர் தொடுவதே இல்லை. மனச்சோர்வுக்குத் தரும் அளவில் சிறு பங்குதான் இது. குடலிலிருந்து மேலே போகும் வலிச் செய்தியின் ஒலியைக் குறைக்கிறது. 2023இல் இங்கிலாந்தில் 463 பேரிடம் நடந்த ஆய்வில், 10 முதல் 30 மில்லிகிராம் வரை எடுத்தவர்களுக்கு ஆறு மாதத்தில் மருந்து இல்லாத வெறும் மாத்திரை எடுத்தவர்களைவிடத் தெளிவான பலன் கிடைத்தது. வாய் உலரும், முதல் வாரம் காலையில் தூக்கம் கலையாது. மலத்தை இறுக்கும் என்பதால் பேதி வகைக்கு அதிகம் பொருந்தும். பலன் தெரிய 3, 4 வாரம் ஆகும். இதயத் துடிப்புக் கோளாறு, கண் அழுத்தம், புராஸ்டேட் தொல்லை இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

தொல்லை வெடிக்கும் நாளில்

நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போது ஒரு நாள் எல்லாம் திரும்ப வரும். பண்டிகை, பரீட்சை, வேலை மாற்றம், தூக்கமில்லாத பயணம், ஏதோ ஒன்று. அன்று துணி சுற்றிய வெந்நீர்ப் பையை வயிற்றில் 15, 20 நிமிடம் வையுங்கள். மூச்சு பத்து நிமிடம். பேதி என்றால் ஓஆர்எஸ், அரிசிக் கஞ்சி உப்புப் போட்டு, கெட்டி வாழைப்பழம். புதிதாக எதையும் ஒதுக்காதீர்கள், அன்று வந்த வலியை வைத்து எந்த உணவையும் தீர்ப்புச் சொல்லாதீர்கள். இரண்டாம் நாள் வழக்கமான சாப்பாட்டுக்குத் திரும்புங்கள்.

மருத்துவரைத் திரும்பப் பார்க்கப் போகும்போது முழு நோட்டையும் நீட்ட வேண்டாம், அவருக்கு நேரம் இருக்காது. ஒரு தாளில் நான்கு வரி போதும்: எந்த வகை மலம் எத்தனை நாள், வாரத்தில் எத்தனை வலி நாள், எதை எத்தனை வாரம் முயன்றீர்கள், அதில் எது உதவியது. மேலே சொன்ன ஆபத்து அறிகுறிகளில் புதிதாக ஏதாவது வந்திருந்தால் அதை அந்தத் தாளின் முதல் வரியாக எழுதுங்கள்.